ஏப்பத்தில் கூமுட்டை வாடையா? வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் துலக்கியாயிற்று, நாக்கையும் வழித்தாயிற்று. ஆனாலும் மதியச் சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்தில் ஏப்பம் வருகிறது. கூடவே கூமுட்டை வாடையும் வருகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைத் திருப்பியது கண்ணில் பட்டுவிடுகிறது. அன்றிலிருந்து மீட்டிங்கில் கடைசி வரிசை, லிஃப்டில் வாயை மூடிய கை, வாடிக்கையாளரிடம் இரண்டடி தள்ளி நின்று பேச்சு, பையில் எப்போதும் ஏலக்காயோ மின்ட் மிட்டாயோ.

இப்படி ஒளிந்து வாழத் தேவையில்லை. நாற்றமுள்ள ஏப்பம் ஒழுக்கக் குறைவும் இல்லை, சுத்தக் குறைவும் இல்லை. செரிமானம் எங்கோ தடுமாறுகிறது என்பதற்கான அடையாளம் அது. பலருக்கு அந்தத் தடுமாற்றம் வேலையிடத்தில் சாப்பிடும் விதத்திலேயே இருக்கிறது. சிலருக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. இரண்டையும் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். வாடையை மறைக்கச் செலவிடும் முயற்சியைக் காரணத்தைத் தேடுவதில் செலவிடுங்கள். அதற்கான வழிமுறைகள் இதோ.

எது இயல்பு, எது கவனிக்க வேண்டியது?

ஏப்பம் என்பது பெரும்பாலும் சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் நாம் விழுங்கிய காற்று திரும்பி வருவதுதான். நாளொன்றுக்கு 30 முறை வரை ஏப்பம் விடுவதுகூட இயல்புதான். விழுங்கிய காற்றில் இருப்பவை நைட்ரஜனும் ஆக்சிஜனும்; இரண்டுக்கும் மணம் கிடையாது. வாடை வருகிறதென்றால் அந்தக் காற்றோடு வேறு ஏதோ கலந்திருக்கிறது.

கூமுட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. முட்டை, இறைச்சி, வெங்காயம், பூண்டு, முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவற்றில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்கும்போது இந்த வாயு உருவாகிறது. மிக நுண்ணிய அளவில் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆகவே ஒரு நாள் இரவு முட்டை பரோட்டா சாப்பிட்டு, மறுநாள் காலை இரண்டு ஏப்பம் நாறினால் பயப்பட ஒன்றுமில்லை. அது உணவின் வேலை. ஒரு நாளில் அடங்கிவிடும்.

வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, எதைச் சாப்பிட்டாலும் அதே வாடை வந்தாலோ, கூடவே உப்புசம், குமட்டல், வயிற்றுப்போக்கு, வலி என்று துணை சேர்ந்தாலோ கவனிக்க வேண்டும்.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியுங்கள். பேசும்போதும் மூச்சுவிடும்போதும் நாள் முழுக்க வாடை இருந்தால் அது பெரும்பாலும் வாயிலிருந்து வருவது: ஈறு நோய், சொத்தைப் பல், நாக்கில் படிந்த மாவு, டான்சில் குழிகளில் சேர்ந்த அழுக்கு. அதற்குப் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏப்பம் வரும்போது மட்டும் வாடை வந்து மறைந்தால், வயிற்றைக் கவனிக்க வேண்டும்.

வாடையின் தன்மை என்ன சொல்கிறது?

*புளித்த ஏப்பம்.* தொண்டை வரை புளிப்பும் எரிச்சலும் ஏறினால் அது எதுக்களிப்பு. இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள வளையத் தசை தளர்ந்து, அமிலம் மேலே வருகிறது. குனிந்தாலும் படுத்தாலும் அதிகமாகும்.

*கூமுட்டை வாடை.* கந்தக உணவு ஒரு காரணம். சிறுகுடலில் பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகுவது, ஜியார்டியா என்ற ஒட்டுண்ணித் தொற்று, இரைப்பை மெதுவாகக் காலியாவது ஆகியவையும் காரணமாகலாம்.

*பழைய சாப்பாட்டு வாடை.* காலையில் சாப்பிட்ட இட்லியின் மணமோ சுவையோ மாலையில் ஏப்பத்தில் வருகிறதென்றால் இரைப்பையில் உணவு தேங்குகிறது. நாம் உண்ணும் திட உணவில் பெரும்பகுதி நான்கு மணி நேரத்துக்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிட வேண்டும். அப்படி இறங்காத உணவு, வெள்ளிக்கிழமை மேசையில் மறந்துவிட்டுத் திங்கட்கிழமை திறந்த சாப்பாட்டு டப்பாவின் நிலைக்குப் போகிறது. இந்த வகையைத் தள்ளிப் போடவே கூடாது.

வேலையிடத்தில் திருத்த வேண்டிய ஏழு பழக்கங்கள்

1. *அவசரச் சாப்பாடு.* பத்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்பவர் உணவோடு காற்றையும் விழுங்குகிறார். மெல்லாமல் விழுங்கிய கவளத்தை இரைப்பை அரைக்க வேண்டியிருக்கிறது. குறைந்தது இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மடிக்கணினியை மூடுங்கள், ஃபோன் பேசியபடி சாப்பிடாதீர்கள். பேசிக்கொண்டே மெல்லும்போதுதான் காற்று அதிகம் உள்ளே போகிறது.

2. *காலையில் பட்டினி, மதியம் பெருஞ்சாப்பாடு.* காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ஃபுல் மீல்ஸ் என்பது பலருடைய வழக்கம். ஒரே வேளையில் இரைப்பை விரியும் அளவுக்குச் சாப்பிட்டால் எதுக்களிப்புக்கு வாய்ப்பு அதிகம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்; மதிய அளவு தானாகக் குறையும்.

3. *ஓயாத டீ, காபி.* ஒவ்வொரு டீ இடைவேளையிலும் ஒரு கோப்பை என்றால் நாளுக்கு ஐந்தாறு கோப்பையோடு பாலும் உள்ளே போகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு அது உப்புசமாகவும் காற்றாகவும் மாறும். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. தயிரும் மோரும் இவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

4. *சோடா வைத்தியம்.* வயிறு மந்தமாக இருக்கிறதென்று கோலி சோடா குடித்தால் பெரிய ஏப்பம் ஒன்று வரும். சுமை இறங்கியதுபோல் தோன்றும். வெளியே வந்ததில் பெரும்பகுதி சோடாவே கொண்டுபோன கார்பன் டை ஆக்சைடு. மந்தத்தின் காரணம் அப்படியே உள்ளே இருக்கிறது.

5. *மின்ட்டும் சூயிங்கமும்.* வாடையை மறைக்க எடுப்பவை இவை. சூயிங்கம் மெல்லும்போது காற்று விழுங்கப்படுகிறது. சர்க்கரை இல்லாத வகைகளில் உள்ள சார்பிட்டால் குடலில் நொதித்து வாயுவாகிறது. புதினா எண்ணெய் சிலருக்கு அந்த வளையத் தசையை மேலும் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டும். வாய் கொப்பளிக்க வெறும் தண்ணீர் போதும்.

6. *ஜிம் உணவு.* காலையில் ஆறு முட்டை, மாலையில் இரண்டு கரண்டி புரோட்டீன் பவுடர் என்று போகிறவர்களுக்குக் கந்தக வாடை வருவது ஆச்சரியமல்ல. அளவைப் பாதியாக்கிப் பத்து நாள் கவனியுங்கள். புரதத்தில் ஒரு பங்கைப் பாசிப்பருப்பு, தயிர், மீன் என்று மாற்றிப் பாருங்கள்.

7. *இறுக்கிய பெல்ட்டும் சாப்பிட்டவுடன் குனியும் வேலையும்.* காவலர்கள், சீருடைப் பணியாளர்கள், சுமை தூக்குவோர் ஆகியோருக்கு இது பெரிய காரணம். சாப்பாட்டுக்குப் பின் பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள். முதல் அரை மணி நேரத்துக்கு நடந்தோ நின்றோ செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு

வயிற்றுக்கும் பகல் இரவு தெரியும். காலையைவிட இரவில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதிகாலை இரண்டு மணிக்குச் சாப்பிட்ட பிரியாணி விடியும்வரை வயிற்றில் கிடப்பதற்கு அதுவே காரணம்.

முக்கியச் சாப்பாட்டை ஷிப்ட் தொடங்கும் முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நடு இரவில் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், வாழைப்பழம் போன்ற எளிய உணவு போதும். வறுத்ததும் பொரித்ததும் வேண்டாம். எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை இன்னும் மெதுவாக்கும். காலையில் வீடு திரும்பிப் பசியோடு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் மிகப் பெரிய தவறு. கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்; பெரிய சாப்பாடு என்றால் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். எதுக்களிப்பு உள்ளவர்கள் இடப்பக்கமாகப் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும். கட்டிலின் தலைப்பக்கத்தை அரை அடி உயர்த்துவதும் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும்.

வெளியூர் வேலை, களப்பணி: தண்ணீரில் கவனம்

விற்பனைப் பிரதிநிதிகள், கட்டுமானப் பணியாளர்கள், ஓட்டுநர்கள், கிராமங்களில் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் கூமுட்டை ஏப்பத்தோடு திரும்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஜியார்டியாவை. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக உள்ளே போய்ச் சிறுகுடலின் மேல்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணி இது. தொற்றிய ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் தொந்தரவு தொடங்கும்: கந்தக ஏப்பம், உப்புசம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், சோர்வு, எடை குறைதல். ஒரு வாரத்துக்கு முந்தைய பயணத்தை நாம் மறந்திருப்போம். மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மலப் பரிசோதனையில் இது தெரியும். ஒட்டுண்ணி தினமும் வெளியேறுவதில்லை என்பதால் வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று மாதிரி கேட்கலாம். கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துகொண்டே லென்ஸ் தேய்த்த லீவன்ஹூக், 1681இல் தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது தம் மலத்தையே நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இந்த உயிரியை முதன்முதலில் கண்டார். சரியான மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை எடுத்தால் குணமாகும். கடையில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்துவது பயன் தராது.

தடுக்கும் வழி எளிது. இந்த ஒட்டுண்ணியின் கூடு குளோரினைத் தாக்குப்பிடிக்கக்கூடியது. கொதி நீரைத் தாங்காது. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டு ஆற வைத்துக் கொண்டுபோங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பழக்கம் சரியாக இருந்தும் ஏப்பம் நாறுகிறதா?

அப்படியென்றால் இந்த நான்கையும் மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்.

*ஹெலிகோபாக்டர் பைலோரி.* இரைப்பையில் குடியேறிப் புண்ணையும் அழற்சியையும் உண்டாக்கும் பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் பாக்டீரியா வாழாது என்று மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்தார். சில நாள்களில் வயிறு உப்பி, வாந்தி வந்தது. அவருடைய மூச்சில் நாற்றம் அடிப்பதை வீட்டார் கவனித்தார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ இந்தத் தொற்றை அறியலாம். பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்தால் அழிக்கலாம். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் தொற்று இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

*சர்க்கரை நோய்.* பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது இரைப்பையை இயக்கும் நரம்பு பழுதடையலாம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பழைய சாப்பாட்டு வாடையோடு ஏப்பம் வரும். சர்க்கரை அளவு காரணமில்லாமல் ஏறி இறங்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது ஆபத்தானது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் உணவு இரைப்பையிலேயே நின்றுவிட்டால் தாழ்சர்க்கரை வரும். வண்டி ஓட்டுபவர்களும் இயந்திரத்தில் நிற்பவர்களும் இதை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

*எடை குறைப்பு ஊசி.* செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற மருந்துகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். ஏப்பம் இவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவு. கந்தக வாடையும் பலர் சொல்லும் புகார். சிறு சிறு அளவாகச் சாப்பிடுவது, எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்ப்பது உதவும். அடங்காவிட்டால் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்; நீங்களாக மாற்றாதீர்கள். மெட்ஃபார்மினும் சிலருக்கு உப்புசம் தரும்.

*நீங்களே வாங்கிப் போடும் ‘கேஸ்’ மாத்திரை.* காலையில் எழுந்ததும் ஒரு பான்டோபிரசோல் என்று ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். இது பயனுள்ள மருந்து. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, மருத்துவர் சொன்ன காலம்வரை எடுக்க வேண்டியது. அமிலம் கிருமிகளைத் தடுக்கும் வேலையையும் செய்கிறது. அதை நீண்ட காலம் குறைத்தே வைத்தால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகவும் வைட்டமின் பி12 குறையவும் வாய்ப்பு உண்டு. அடிக்கடி முதுகுவலிக்கும் தலைவலிக்கும் போடும் வலி மாத்திரைகளில் பல இரைப்பைப் புண்ணை உண்டாக்கக்கூடியவை. மருத்துவரிடம் இரண்டையும் மறைக்காதீர்கள்.

சீரகத் தண்ணீர், ஓமம், இஞ்சி, மோர் ஆகியவை இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். தொடரும் தொந்தரவுக்கு அவை சிகிச்சையாகிவிட மாட்டா.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

• முயற்சி செய்யாமல் எடை குறைவது
• விழுங்கும்போது உணவு சிக்குவது அல்லது வலிப்பது
• ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்)
• ஓயாத வாந்தி, முந்தைய நாள் உணவு வாந்தியில் வருவது
• ரத்தசோகை, மஞ்சள் காமாலை, விடாத வயிற்று வலி
• ஐம்பது வயதைத் தாண்டிய பின் புதிதாகத் தொடங்கிய செரிமானத் தொந்தரவு
• குடும்பத்தில் இரைப்பை அல்லது உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருந்திருப்பது

இன்னொன்றை ஒவ்வொரு வேலையிடமும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு ஏப்பம் வந்தால் அதை வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். மாரடைப்பு சிலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும், வெறும் மேல்வயிற்றுத் தொந்தரவாகவே தொடங்கும். உடனே 108ஐ அழையுங்கள். அவரைத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பரிசோதித்து வாயுதான் என்று தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டு வாரக் குறிப்பு

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரம் குறிப்பெடுங்கள். ஃபோனிலோ பாக்கெட் நோட்டிலோ நாளுக்கு நான்கு வரி போதும்.

• எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டேன். எத்தனை நிமிடத்தில் முடித்தேன்
• ஏப்பம் எப்போது வந்தது, என்ன வாடை
• கூடவே என்ன இருந்தது: எரிச்சல், உப்புசம், குமட்டல், மலத்தில் மாற்றம்
• எந்த ஷிப்ட், எவ்வளவு தூக்கம், என்ன மருந்து

முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். இரண்டாம் வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: மெதுவாகச் சாப்பிடுவது, பாலை நிறுத்துவது, இரவு உணவை முன்னதாக முடிப்பது, இவற்றில் ஏதேனும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. பால் போன்ற ஓர் உணவை நிறுத்திப் பார்ப்பதானால் அதற்கு மட்டும் இன்னொரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். அப்படியும் குறையாவிட்டால் அதே நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். “கொஞ்ச நாளா கேஸ் டிரபிள் டாக்டர்” என்று சொல்வதைவிட, “மூணு வாரமா, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, கூமுட்டை வாடையோட ஏப்பம் வருது, வாரத்துல ரெண்டு நாள் பேதியும் ஆகுது” என்று சொன்னால் அவருக்கு வேலை பாதி முடிந்துவிடும். தேவையில்லாத பரிசோதனைச் செலவும் உங்களுக்கு மிச்சமாகும்.

விடுப்பு கேட்பது, மருத்துவம் பெறுவது

மேலாளரிடம் ஏப்பத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. “சார், வயிறு சம்பந்தமா டாக்டரைப் பார்க்கணும். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல அரை நாள் விடுப்பு வேணும். காலையில ரிப்போர்ட்டை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்” என்பது போதும். எண்டோஸ்கோபி என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. அதற்கு முழு நாள் விடுப்பே கேளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். 2017 முதல் அதில் சேர்வதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். உங்கள் சம்பளத்திலிருந்து 0.75 விழுக்காடு மாதாமாதம் அதற்குத்தான் போகிறது. மருந்தகத்தில் தொடங்கி மருத்துவமனை வரை உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழை வாங்க மறக்காதீர்கள்.

நேர்காணலும் மீட்டிங்கும்

நேர்காணலுக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பதற்றத்தில் காற்றை விழுங்குவது அதிகமாகும். இரண்டு மணி நேரம் முன்பாக இட்லியோ ஆப்பமோ அளவாகச் சாப்பிடுங்கள். முதல் நாள் மாலையிலிருந்தே முட்டை, பூண்டு, முள்ளங்கி, முட்டைகோஸ், மொச்சை ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். தண்ணீரை ஸ்ட்ரா இல்லாமல் சிறு சிறு மடக்காகக் குடியுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வயிறு மேலெழும்படி மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து விடுங்கள். திரும்பத் திரும்ப ஏப்பம் விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மூச்சுப் பயிற்சியை மருத்துவர்களே கற்றுத்தருகிறார்கள்.

பேச்சின் நடுவே ஏப்பம் வந்துவிட்டால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, “மன்னிக்கணும்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நீண்ட விளக்கம் எல்லோரையும் நெளிய வைக்கும்.

பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ஷலின் மூச்சு நாற்றத்தை முதலில் உணர்ந்தது அவர் அல்லர், உடன் இருந்தவர்கள். தொடர்ந்து பழகிய வாடையை நம் மூக்கு கவனிக்காமல் விட்டுவிடும். ஆகவே அன்போடு எடுத்துச் சொல்லும் ஒருவர் உண்மையில் உதவி செய்கிறார்.

தனியாகச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். நண்பரிடம்: “ரவி, தப்பா எடுத்துக்காதடா. கொஞ்ச நாளா சாப்பாட்டுக்கு அப்புறம் உனக்கு ஏப்பம் வரும்போது ஒரு வாடை வருது. வயித்துல ஏதாவது இருக்குமோன்னு தோணுச்சு. ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடேன்.” மூத்தவரிடம்: “அக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். எனக்கு இப்படி இருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா? அதனாலதான் சொல்றேன்.”

மேசையில் பெயர் சொல்லாமல் மின்ட் வைப்பது, வாட்ஸ்ஆப் குழுவில் பொதுவாகப் போடுவது, பட்டப்பெயர் வைப்பது ஆகியவை கொடுமை. அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உங்களிடம் ஒருவர் சொன்னால், “சொன்னது நல்லதாப் போச்சு, பார்த்துக்கிறேன்” என்று முடித்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

மேலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும்

ஊழியரின் வயிற்றுக்கு நிறுவனமும் பொறுப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அரை மணி நேர இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று விதித்தது. கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை என்றது. சட்டம் எழுதியவர்கள் உணவுக்கும் ஓய்வுக்கும் நேரம் தேவை என்று அப்போதே உணர்ந்திருந்தார்கள். மதியம் ஒரு மணிக்கு வைக்கும் மீட்டிங்கும் “சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்” என்ற அழைப்பும் அந்த நேரத்தைத்தான் தின்கின்றன.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை மீட்டிங் வைக்காதீர்கள். கடையில் ஒருவர் சாப்பிடும்போது கல்லாவைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை முறை வைத்து நிறுத்துங்கள். குடிநீர்த் தொட்டியைக் குறித்த தேதியில் கழுவி, அந்தத் தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். கேன்டீனில் பொரித்த பண்டங்களோடு இட்லி, சுண்டல், மோர் ஆகியவையும் கிடைக்கட்டும். இரவு ஷிப்டுக்குச் சூடான எளிய உணவு ஏற்பாடு செய்யுங்கள். கழிப்பறைக்குப் போன நிமிடங்களைக் கணக்கெடுப்பதை நிறுத்துங்கள். வயிற்றுப்போக்கோடு இயந்திரத்தில் நிற்பவர் தொற்றைப் பரப்புவார், விபத்திலும் சிக்குவார்.

ஒரு பிரிவில் பலருக்கு ஒரே நேரத்தில் கூமுட்டை ஏப்பமும் வயிற்றுப்போக்கும் வந்தால், தனித்தனியாக மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். அன்றே தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கொதிக்க வைத்த தண்ணீரை மட்டும் கொடுங்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்று உங்கள் நிறுவனத்தில் இன்னும் தீர்மானிக்கவில்லையென்றால், நாளை காலை முதல் வேலையாக ஒருவரை அதற்கு நியமியுங்கள்.